ஒரு ஜோடிப் புறாவுக்கு எந்தக் கூண்டு? பெங்களூர் வாடகை வீட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

அலுவலக நண்பர் ஒருவர் சென்னைக்கு மாற்றலாகிப் போனபோது, தாம் வளர்த்த புறா ஜோடியைக் கூண்டோடு கொண்டுவந்து அல்சூரில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டில் விட்டுச் சென்றார். பறவைக் கடைக்காரர்கள் ‘ரிங்நெக் டவ்’ என்று சொல்லும், வெளிர் பழுப்பு உடலும் பின்கழுத்தில் கறுப்பு அரைவளையமும் கொண்ட வளர்ப்புப் புறா அது. கூட வந்த கூண்டு ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். அதற்குள் ஆண் புறா ஒரு முறை சிறகை முழுதாக விரித்தபோது இரண்டு பக்கத்துக் கம்பியிலும் இறகு நுனி உரசியது. வேறு கூண்டு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். எந்தக் கூண்டு என்று முடிவு செய்யத்தான் மூன்று மாதம் ஆயிற்று.

எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்துக் கடைகளில் இதைவிடப் பெரிய ஆயத்தக் கூண்டு ஒன்றை வாங்கலாம். வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து அதில் வெல்ட் மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, பொருத்திக்கொள்ளலாம். வீட்டில் சும்மா நின்ற பழைய மர அலமாரியைக் கூண்டாக மாற்றலாம். அல்லது பால்கனிக்கே வலை கட்டிப் புறாக்களிடம் ஒப்படைத்துவிடலாம். ஐந்தாவதாக ஒரு வழி பின்னால் வந்து சேர்ந்தது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் எதை வைத்து ஒப்பிடுவது என்பதில் தெளிவு வேண்டும். கிளிக்கும் புறாவுக்கும் ஒரே கூண்டு போதும் என்று நினைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. கடையில் கிடைக்கும் கூண்டுகளும் அந்த நினைப்பில்தான் செய்யப்படுகின்றன. கிளி அலகையும் காலையும் வைத்துக் கம்பியைப் பற்றி ஏறும், இறங்கும். அதற்கு உயரம் பயன்படும். புறா ஏறுவதில்லை. அது நடக்கும், அல்லது ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் குறுக்கே பறக்கும். ஆகவே ஆறடி உயரமும் இரண்டடி நீளமும் உள்ள கூண்டில் மேல் நான்கடி அதற்கு வீண். நீளம்தான் அதன் நிலம். ரிங்நெக் புறா ஒன்றின் விரித்த சிறகு ஏறக்குறைய ஒன்றரை அடி வரும் என்பதால், உள்ளகலம் அதைவிட அரையடியாவது கூடுதலாகவும், நீளம் சிறகை இரண்டு மூன்று முறை அடித்துப் பறக்கும் அளவுக்கும் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டயமண்ட் டவ் போன்ற சிறிய இனமாக இருந்தால் அளவைச் சற்றுக் குறைக்கலாம். கம்பி இடைவெளியை மட்டும் கூட்டக் கூடாது.

இரண்டாவது அளவுகோல் இரவு. புறா பகலில் சாதுவான பறவை என்று பெயர் வாங்கியது. இரவில் ஒரு சத்தத்துக்கோ நிழலுக்கோ திடுக்கிட்டால் நேரே மேல்நோக்கிக் குண்டு போலப் பாயும். கூண்டின் கூரை என்னவாக இருக்கிறது என்பது அந்த ஒரு கணத்தில்தான் தெரியும். மூன்றாவது அளவுகோல், துடைத்துச் சுத்தம் செய்வது எவ்வளவு எளிது என்பது. புறாவின் இறகிலிருந்து மாவு போன்ற வெள்ளைத் தூள் ஓயாமல் உதிரும். அதுவும் உலர்ந்த எச்சத்தின் தூசும் நாள்கணக்கில் மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரும். மருத்துவத்தில் அதற்குப் ‘புறா வளர்ப்போர் நுரையீரல்’ என்று பெயரே உண்டு. வீட்டுக்குள் வைக்கும் கூண்டு என்றால் இந்த மூன்றாவது அளவுகோல் பறவைக்காக மட்டும் போடப்பட்டதன்று.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் மாடிச் சுவரில் வந்து அமரும் புள்ளிப்புறா, தவிட்டுப்புறா, கள்ளிப்புறா போன்றவற்றைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ரிங்நெக் என்பது ஆப்பிரிக்கப் புறா ஒன்றிலிருந்து பழக்கி வளர்க்கப்பட்ட இனம். பார்வைக்குக் கள்ளிப்புறாவை ஒத்திருப்பதால், வாங்குகிறவர்கள் எதை வாங்குகிறோம் என்று நன்றாகப் பார்த்து வாங்க வேண்டும். வளர்க்கத்தக்க பறவையையும் விருப்பம்போல் அடைத்து வைக்க முடியாது: நீளம், அகலம், உயரம் மூன்றிலும் போதிய அளவில்லாத கூண்டில் ஓர் உயிரை அடைத்து வைப்பதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வதை என்றே வகைப்படுத்துகிறது. நண்பர் கொண்டுவந்த கூண்டு அந்தக் கணக்கில் தேறாது என்பது என் எண்ணம்.

ஆயத்தக் கூண்டுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியது, அது இன்றைக்கே கிடைக்கும், விலை குறைவு, மடித்து ஆட்டோவில் கொண்டு வந்துவிடலாம் என்பதுதான். 1927இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டின் சுற்றுப்புறத்தில் நான் பார்த்த கூண்டுகளில் நீளமானது மூன்றடி. ஆனால் அதன் அகலம் ஒன்றரை அடிதான். அடியில் தட்டுக்கு மேலே கம்பி வலை ஒன்று தரையாகப் போடப்பட்டிருந்தது. எச்சம் கீழே விழுந்துவிடும், பறவை சுத்தமாக இருக்கும் என்று கடைக்காரர் விளக்கினார். நாள் முழுக்க நடக்கும் பறவைக்குக் கம்பித் தரை உள்ளங்காலைப் புண்ணாக்கும். அந்தப் புண் வீங்கிச் சீழ் பிடித்தால் ஆற்றுவது கடினம். கதவு வேறு மேலிருந்து கீழே சறுக்கி விழும் வகை. உணவுக் கிண்ணத்தை எடுக்கும்போது நம் விரலிலும், தலையை நீட்டும் பறவையின் கழுத்திலும் விழுவதற்கென்றே செய்தது போலிருக்கும்.

இருந்தாலும் மலிவாயிற்றே, கொஞ்ச நாளைக்குப் பார்க்கலாம் என்று அந்த மூன்றடிக் கூண்டை வாங்கினேன். அது வந்து இரண்டு வாரத்தில் தீபாவளி. நள்ளிரவுக்குச் சற்று முன் தெருமுனையில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். கூடத்தில் படபடவென்று சத்தம் கேட்டு விளக்கைப் போட்டபோது, பெண் புறா கூண்டின் ஒரு மூலையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. உச்சந்தலையில் ஐந்து பைசா அளவுக்குத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கூரைக் கம்பியின் ஓர் இணைப்பில் இரண்டு சிறு இறகுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எங்கள் புறாவுக்குத் தலைப்பாகை இல்லாததால் தலைத்தோலே போயிற்று. மறுநாள் மருத்துவரிடம் காட்டி மருந்து போட்டதில் புண் ஆறிவிட்டது, ஆனால் அந்த இடத்தில் இறகு முளைக்க வெகுநாள் ஆனது. கூரைக்கு மூன்று அங்குலம் கீழே பழைய பருத்தி வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டியதும், இரவில் மங்கலான சிறு விளக்கு ஒன்றை எரியவிட்டதும் அன்று முதல்தான். எந்தக் கூண்டை வாங்கினாலும் செய்தாலும் இந்த இரண்டையும் விடக் கூடாது என்று சொல்வேன்.

மூங்கில் கூண்டை இடையில் ஒரு வரியில் கடந்துவிடலாம். மூங்கில் பஜாரில் சொன்னால் அழகாகவே பின்னித் தருவார்கள். எலி கடிக்கும், ஒவ்வொரு கணுவும் உண்ணிக்கு வீடாகும்.

பழைய அலமாரி யோசனை என் மாமியாருடையது. “தேக்கு மாப்பிள்ளை, நம்ம கல்யாணச் சீர். கதவைக் கழட்டிட்டு வலை அடிச்சா ராஜா மாதிரி இருக்கும்” என்றார். ஆறடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றேமுக்கால் அடி ஆழம். நிற்க வைத்தால் முன்னே சொன்ன காரணத்தால் புறாவுக்கு உதவாது. ஆனால் அதைப் படுக்க வைத்துப் பார்த்தால் ஆறடி நீளமும் மூன்றடி உயரமும் உள்ள கூண்டு ஆகிறது. முதுகுப்பலகை பின்சுவராகவும், பழைய பக்கப்பலகைகள் தரையாகவும் கூரையாகவும் அமைகின்றன. அலமாரியை மாற்ற நினைப்பவர்கள் எல்லாரும் அதை நிற்க வைத்தே யோசிக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மூன்று பக்கம் மூடியிருப்பது ஒரு குறையில்லை. பிற உயிர்களுக்கு இரையாகும் இனமாகிய புறாவுக்கு முதுகுப் பக்கம் ஒரு சுவர் இருந்தால்தான் நிம்மதி வரும்.

ஆழம் இடித்தது. ஒன்றேமுக்கால் அடியில் பலகைத் தடிமன் போக மிஞ்சுவது சிறகு விரிப்புக்கு மட்டும் சரியாக இருக்கும், திரும்ப இடமில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். அந்த அலமாரிக்கு உட்புறம் பெயின்ட் அடித்திருந்தார்கள், அதுவும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் என்ன இருக்கும் என்று நம்ப முடியாது. புறா கிளியைப் போல மரத்தைக் கடித்துத் துப்பாது, ஆனால் தானியத்தோடு கல்லையும் பொறுக்கி விழுங்கும் பழக்கம் உள்ளது. உதிர்ந்த பெயின்ட் செதில் அதன் கண்ணுக்கு இன்னொரு கல். சுரண்டி எடுக்கலாம் என்றால் அந்தத் தூசு வீட்டில் உள்ளவர்களுக்கே கேடு. இவற்றுக்கு மேல் மூலைப் பிணைப்புகளில் இருக்கும் சந்துகள் வேறு. பறவை உண்ணிகளில் ஒரு வகை பகலெல்லாம் சந்துக்குள் ஒளிந்திருந்து இரவில் வெளியே வந்து ரத்தம் குடிக்கும். மரச் சந்தை அடைத்து முடிக்க முடியாது. பெயின்ட் படாத புதிய மரமும், இரண்டே கால் அடிக்குக் குறையாத ஆழமும், சந்துகளை அடைக்கப் பொறுமையும் உள்ளவர்களுக்கு இந்த வழி நல்லது, செலவும் குறைவு. எங்கள் தேக்கு அலமாரி மீண்டும் துணி வைக்கவே போயிற்று. அத்தைக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

பால்கனிக்கு வலை கட்டுவதைப் பற்றிப் பேசும்போது ஒரு வேடிக்கையைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. இந்த ஊரின் அடுக்குமாடிகளில் பாதிக்கு மேல் பால்கனி வலை தொங்குவது புறா உள்ளே வராமல் தடுக்கத்தான். புறாவை உள்ளே வைத்துக்கொள்ள வலை கட்ட வேண்டும் என்று நான் ஃபோனில் சொன்னபோது, வலை கட்டுபவர் சிறிது நேரம் பேசவில்லை.

இடம் என்று பார்த்தால் பால்கனியை வெல்ல எந்தக் கூண்டாலும் முடியாது. எங்களுடையது பத்தடிக்கு நான்கடி. காலை வெயில் நேராக விழும். இது சாதாரணச் சலுகை அன்று: ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் பறவை உடல் வைட்டமின் டி3 உண்டாக்கத் தேவையான புற ஊதாக் கதிர் பெரும்பகுதி வடிகட்டப்பட்டுவிடும், திறந்த வெயிலில் அது முழுதாகக் கிடைக்கும். முட்டையிடும் பெண் புறாவுக்குச் சுண்ணாம்புச் சத்து உடலில் சேர அது வேண்டும். தூசும் வீட்டுக்குள் சேராது.

பாதுகாப்பு என்ற சொல்லை எடுத்ததும் தராசு மறுபக்கம் சாய்கிறது. வழக்கமான நைலான் வலை வெளியிலிருந்து வரும் மாடப்புறாவுக்குப் போதும். எலி ஓர் இரவில் அதைக் கடித்து வழி செய்யும், பூனை நகத்தால் கிழிக்கும். அல்சூர் ஏரிப் பக்கம் பருந்துகள் நாள் முழுக்க வட்டமிடும். வல்லூறும் அவ்வப்போது வரும். அவை வலையைக் கிழித்து உள்ளே வர வேண்டிய அவசியமே இல்லை, நிழல் விழுந்தாலே போதும், புறா சுவரில் மோதிக்கொள்ளும். வலைக்கு வெளியே சன்ஷேடில் உட்காரும் மாடப்புறாக்கள் எச்சத்தோடு நோயையும் கொண்டுவரும். வாயிலும் தொண்டையிலும் மஞ்சள் கட்டியாக வரும் கேன்கர், கழுத்தைத் திருகவைக்கும் பாராமிக்ஸோ வைரஸ் நோய் இரண்டும் புறாக்களிடையே பரவக்கூடியவை. கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்நகரத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகளின் குளிர்காற்றையும், மாலையில் சாய்ந்து அடிக்கும் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். நைலானுக்குப் பதில் கம்பி வலையை நிரந்தரமாக அடிக்கலாம் என்றால் வீட்டுக்காரர் சுவரில் துளை போட விடமாட்டார். விட்டாலும், உள்ளே நுழைய ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு வேண்டும், இல்லாவிட்டால் துணி உலர்த்தப் போன யாராவது ஒருவரின் தோளுக்கு மேலே புறா பறந்துவிடும். சொந்த வீடும் தடித்த கம்பி வலையும் கூரைப் பந்தலும் இருக்கிறவர்களுக்குப் பால்கனியே முதல் தேர்வு என்று ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கு அது பகல்நேர முற்றமாக மட்டுமே பயன்படும் என்று தோன்றியது.

இரும்புச் சட்டக் கூண்டின் பக்கம் நான் ஏறக்குறையச் சாய்ந்துவிட்டேன். வேண்டிய அளவில் செய்யலாம், பல ஆண்டு உழைக்கும், பூனையும் எலியும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதில் கவனிக்க வேண்டியவை நிறைய உள்ளன, அவற்றில் முதலாவது மெஷ். கடையில் ‘அரை இன்ச் வெல்ட் மெஷ்’ என்று மட்டும் கேட்டால் கையில் கிடைப்பதைக் கொடுப்பார்கள். கேஜையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பது பலருக்குத் தெரியாது: 16 கேஜ் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர், 19 கேஜ் ஒரு மில்லிமீட்டர். கூண்டுக்கு 16 அல்லது 18 வேண்டும். 19 கையால் அழுத்தினாலே வளையும். கண் அளவு அரை அங்குலத்தைத் தாண்டினால் பூனையின் முன்னங்கால் உள்ளே வரும், புறாவின் தலை வெளியே போகும். அரை அங்குலத்தில் வீட்டெலி நுழையாது. சின்னஞ்சிறு சுண்டெலி நுழையும், ஆனால் அது வருவது தானியத்துக்காகத்தான்; புறா இரவில் தின்பதில்லையாதலால், விளக்கு வைக்கும் நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிட்டால் அதற்கு அங்கே வேலையில்லை.

இன்னொன்று துத்தநாகம். மலிவான ஜி.ஐ. (துத்தநாக முலாம் பூசிய இரும்பு) மெஷ்ஷில் இரண்டு வகை உண்டு. முலாம் பூசிய கம்பியை எடுத்து வெல்டிங் செய்தது ஒன்று. அதில் இணைப்புப் புள்ளிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். வெல்டிங் முடிந்தபின் முழுதாகத் துத்தநாகத்தில் முக்கி எடுத்தது இன்னொன்று. அது துருப்பிடிக்காது, ஆனால் இணைப்புகளில் துத்தநாகம் சொட்டாக உறைந்து நிற்கும். அந்தச் சொட்டு உதிர்ந்து பறவையின் வயிற்றில் போனால் விஷம். அதிலும் புறாவின் அரைவைப்பை கல்லைத் தேக்கி வைத்து அரைக்கும் உறுப்பு என்பதால் உலோகத் துணுக்கும் அங்கேயே தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். முக்கி எடுத்த மெஷ்ஷைத்தான் வாங்க முடியும் என்றால், வினிகரில் நனைத்த நார் பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்துக் கழுவி, சில நாள் வெயிலில் போட்டு, மறுபடி கழுவியபின் பொருத்துவது நல்லது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மெஷ்ஷுக்கு இந்தக் கவலை இல்லை. விலைதான் கவலை, ஜி.ஐ.யைப் போலப் பல மடங்கு.

இரும்பு வேண்டாம் என்று என்னை முடிவு செய்ய வைத்தவர் எதிர்வீட்டு அண்ணன். அவர் கிளிகளுக்காக அடித்து வாங்கிய இரும்புக் கூண்டு நல்ல வேலைப்பாடு, ஆனால் ஆழம் இரண்டேமுக்கால் அடி. நம் வீடுகளின் அறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி. பட்டறைக்காரருடன் ஐந்து பேர் சேர்ந்து தூக்கியும் மாடிப்படித் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டு, கடைசியில் கீழே கார் நிறுத்துமிடத்திலேயே நின்றுவிட்டது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கும் நமக்கு வீடு மாற்றுவது ஏறக்குறையத் திருவிழா மாதிரி வரும் காரியம். கழற்றி மாட்ட முடியாத எந்தப் பொருளும் அடுத்த வீட்டுக்கு வராது.

ஐந்தாவது வழி அங்கேதான் பிறந்தது. ஜன்னலுக்குக் கொசுவலைச் சட்டம் அடித்துத் தரும் அலுமினிய வேலைக்காரர்கள் இந்த ஊரில் எல்லாப் பேட்டையிலும் இருக்கிறார்கள். ஒரு அங்குலச் சதுர அலுமினியக் குழாயில் ஆறு தனித்தனிச் சட்டம், போல்ட் போட்டு ஒன்றாக முடுக்குவது. கழற்றினால் கட்டிலுக்கடியில் அடுக்கி வைக்கலாம். வெல்டிங் இல்லை, பெயின்ட் இல்லை, துரு இல்லை. எடை குறைவு என்பதால் சக்கரம் பொருத்தலாம். குறை என்றால், இரும்பின் உறுதி இதற்கு வராது. ஐந்தடி நீளத்துக்கு நடுவில் ஒரு குறுக்குக் குழாய் கொடுக்காவிட்டால் சட்டம் தொய்யும். நாய் மோதினால் வளையும். கூலி இரும்பைவிடச் சற்றுக் கூடத்தான் ஆயிற்று.

அளவை முடிவு செய்ததில் மெஷ் சுருளுக்கும் பங்கு உண்டு. மூன்றடி அகலச் சுருள் எளிதாகக் கிடைக்கும் என்பதால் உயரத்தை மூன்றடி என்று வைத்தேன், நறுக்க வேண்டிய வேலை குறைந்தது. கதவு வழியே நுழைய வேண்டும் என்பதால் ஆழம் இரண்டடி. கூடத்துச் சுவர் அனுமதித்த நீளம் ஐந்தடி. முன்பக்கம் ஐந்தடி, இரு பக்கவாட்டு நான்கடி, கூரைக்கு ஐந்தடி ஆக மொத்தம் பதினான்கு அடிச் சுருள் போதுமாயிருந்தது. பின்சுவரில் மெஷ் இல்லை, விளம்பரப் பலகை செய்யும் ஏ.சி.பி. ஷீட் (அலுமினியக் கூட்டுப் பலகை) ஒன்றை வெட்டிப் பொருத்திவிட்டோம். ஈரத் துணியால் ஒரு முறை இழுத்தால் எச்சம் போய்விடும். அளவு இவ்வளவு குறைந்தபின் ஸ்டெயின்லெஸ் மெஷ் வாங்கவும் கை துணிந்தது. எஸ்.பி. ரோட்டிலும் கலாசிபாளையத்திலும் இரண்டு சனிக்கிழமை அலைந்தால் கொக்கி, கீல், பூட்டுச் சக்கரம் எல்லாம் சேர்ந்துவிடும்.

வேலை முடிந்து வந்த அன்று ஒரு பிழை தெரிந்தது. அடித்தட்டை இழுத்து எடுக்கும்போது அந்த இடத்தில் இரண்டு அங்குல இடைவெளி திறந்தபடி கிடந்தது. நான் தட்டைக் கழுவிக்கொண்டு திரும்புவதற்குள் பெண் புறா அதன் வழியாகத் தலையைத் தாழ்த்தி, வாடகை பாக்கி வைத்தவரைப் போல மெல்ல நடந்து வெளியே வந்து, சோபாவுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாளே அந்த இடைவெளிக்குத் தானாக மூடிக்கொள்ளும் ஒரு தகரத் தட்டி வைத்தோம். நீங்கள் செய்யச் சொல்லும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். கதவும் இரண்டாக இருக்கட்டும்: கிண்ணம் வைக்கக் கை நுழையும் அளவில் ஒன்று, துடைக்கத் தோள் வரை நுழையும் அளவில் இன்னொன்று, இரண்டும் கீலில் பக்கவாட்டாகத் திறப்பவை. நடுக் குறுக்குக் குழாயில் ஒரு தடுப்பைச் செருகும்படி பள்ளம் விடச் சொன்னது என் மனைவியின் யோசனை. ரிங்நெக் புறாவில் ஆண் பெண் அடையாளம் காண்பது கடினம். ஜோடி என்று வாங்கியது இரண்டும் ஆணாக அமைந்து சண்டை மூண்டால், அல்லது ஒன்றுக்கு உடம்பு சரியில்லாமல் போனால், அந்தத் தடுப்பு இன்னொரு கூண்டின் செலவை மிச்சப்படுத்தும்.

உள்ளே போடும் பொருளில் அதிகம் வேண்டாம். கட்டைவிரல் தடிமனுள்ள கொய்யாக் கிளை ஒன்று ஒரு கோடியில், நான்கு அங்குல அகலப் பலகை ஒன்று மறுகோடியில். நடுவில் மூன்றரை அடி காலி. அந்தக் காலியிடத்தை ஊஞ்சல், மணி, பொம்மை என்று நிரப்பினால் கூண்டை நீளமாகச் செய்ததில் பொருளில்லை. கிளைக்கு நேர் கீழே உணவோ தண்ணீரோ வைக்கக் கூடாது. புறா கோழியைப் போல வாயில் அள்ளித் தலையைத் தூக்கி விழுங்காது, அலகை நீரில் வைத்தபடியே உறிஞ்சிக் குடிக்கும். ஆகவே தட்டையான தட்டு உதவாது, ஓர் அங்குலமாவது ஆழம் வேண்டும். தட்டில் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுகிறோம். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகக்கவசம் போட்டுக்கொண்டு வழித்தெடுக்க வேண்டும். சிற்றெறும்புக்கு நம் பாட்டிமார் உணவு அலமாரிக்குச் செய்த வைத்தியம்தான்: கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்க வைப்பது. சக்கரம் உள்ள கூண்டாதலால் நாங்கள் அதைக் கோடையில் மட்டும், சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செய்கிறோம்.

இவ்வளவு பார்த்துச் செய்த கூண்டையும் தவறான இடத்தில் வைத்தால் பயனில்லை. சமையலறையும் அதை ஒட்டிய இடமும் கூடாது. அடுப்பில் மறந்துவிட்ட நான்ஸ்டிக் தவா அதிகமாகச் சூடேறினால் அதிலிருந்து வரும் புகை மனிதர் மூக்குக்குத் தெரியாமலே பறவையைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, அறை நறுமண ஸ்ப்ரே மூன்றையும் கூடத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறோம். சாம்பிராணி இப்போது பூஜை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு. படுக்கையறையிலும், ஆஸ்துமா உள்ளவர் உட்காரும் இடத்திலும் புறாக் கூண்டு வேண்டாம். கூண்டின் அடி தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தால், அருகில் வரும் மனிதர் பறவைக்கு மேலிருந்து குனியும் பருந்தாகத் தெரியமாட்டார். 2016 ஏப்ரலில் இந்நகரம் 39.2 பாகை வெப்பத்தைத் தொட்டது. அப்படிப்பட்ட நாள்களில் மேற்கு ஜன்னலோரம் எந்தக் கூண்டும் அடுப்பாகிவிடும், சக்கரம் அப்போது கைகொடுக்கும். காலையில் அரை மணி நேரம் கூண்டைப் பால்கனிக் கதவு வரை உருட்டிக்கொண்டு போய் வெயில் காட்டுகிறோம், பாதிக் கூண்டு நிழலில் இருக்கும்படி, யாராவது ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. மாலையில் ஒரு மணி நேரம் கூடத்தில் பறக்க விடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவதோடு, சுவிட்சின் மேல் ஒரு காகிதத்தையும் ஒட்டிவிடுகிறோம்.

ஆகவே எங்கள் தேர்வு அலுமினியம். இதையே எல்லாரும் செய்ய வேண்டும் என்பதில்லை. சொந்த வீட்டின் தரைத்தளத்தில், தெருநாயும் பூனையும் புழங்கும் இடத்தில் இருப்பவருக்கு நான் இரும்பையே சொல்வேன், ஆழம் மட்டும் கதவுக்குள் அடங்கட்டும். டயமண்ட் டவ் ஒரு ஜோடி மட்டும் வைத்திருக்கும் மாணவருக்குப் படுக்கவைத்த புது மர அலமாரி போதும். ஆயத்தக் கூண்டை மட்டும் நிரந்தர வீடாக யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நாங்கள் வாங்கிய அந்த மூன்றடிக் கூண்டு எங்கே என்று கேட்கலாம். கம்பித் தரையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையனின் வெள்ளெலிக்குக் கொடுத்துவிட்டோம். நண்பர் கொண்டுவந்த சின்னக் கூண்டை மட்டும் கொடுக்கவில்லை. அடியில் துண்டு விரித்து, மேலே வேட்டி போர்த்தி, ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகும் நாளில் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ள அந்த ஒன்றரை அடி சரியான அளவு.